அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்தபோது நாங்கள் கற்றுக்கொண்டது

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. இதயம் சீராகத் துடிக்கவில்லை, பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்கிறார்கள். ஆபரேஷன் செய்தால் துடிப்பு சரியாகிவிடுமா? இந்த வயதில் தாங்குவாரா?

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இதயம் மெதுவாகத் துடித்தால், அல்லது நடுநடுவே நின்று நின்று துடித்தால், பேஸ்மேக்கர், அதாவது தோலுக்கு அடியில் வைத்து இதயத்துக்கு மின்துடிப்பு கொடுக்கும் சிறு பெட்டி, அதைச் சரிசெய்யும். படபடவென்று தாறுமாறாக அடித்தால் அதை பேஸ்மேக்கர் அடக்காது. 'சீராகத் துடிக்கவில்லை' என்று சொல்லும்போது இவை எல்லாமே அதற்குள் வந்துவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாங்களும் குழம்பினோம், அதற்கு ஐந்து மாதத்தை விலையாகக் கொடுத்தோம்.

என் அப்பா கோவை கணபதியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். 2021-இல் அவருக்கு 67 வயது, உங்கள் அம்மாவை விட ஒன்று குறைவு. ஒருநாள் கேட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தவர் நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தார். முகம் வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துவிட்டது, கைகால் இரண்டு மூன்று தடவை வெட்டி இழுத்தது. பட்டறைப் பையன்கள் பயந்துபோய்க் கையில் கிடைத்த இரும்புக் கம்பியை அவர் உள்ளங்கையில் திணித்தார்கள். அரை நிமிடத்தில் கண்ணைத் திறந்து, "ஏன்டா கம்பியக் குடுக்கறீங்க?" என்று கேட்டார். முகம் குப்பென்று சிவந்திருந்தது.

பக்கத்து கிளினிக்கில் இழுப்பு வந்ததைச் சொன்னோம். ஒரு ஈசிஜி எடுத்தார்கள், பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள், வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து மாதம் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார். அதற்குள் இன்னும் இரண்டு முறை விழுந்தார். மூன்றாவது தடவை கிரைண்டிங் மெஷின் பக்கத்தில். நெற்றி கிழிந்தது, கை தப்பியது.

தையல் போட வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனபோது, அங்கிருந்த நர்ஸ் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. இன்னொரு தடவை எண்ணினார். நிமிடத்துக்கு 36. அப்போது எடுத்த ஈசிஜியில்தான் உண்மை தெரிந்தது. முழு ஹார்ட் பிளாக், அதாவது இதயத்தின் மேலறையிலிருந்து மின்துடிப்பு கீழறைக்கு இறங்காமல் நின்றுபோவது. அதுவும் வந்து வந்து போகிற வகை. கிளினிக்கில் ஈசிஜி எடுத்த அந்தச் சில நொடிகளில் அது வந்திருக்கவில்லை, அவ்வளவுதான். இதயம் சில நொடி நின்று மூளைக்கு ரத்தம் போகாவிட்டாலும் கைகால் இழுக்கும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். வலிப்பு வந்தவர் எழுந்த பிறகும் வெகுநேரம் மலங்க மலங்க விழிப்பார். துடிப்பு நின்று விழுந்தவர் பெரும்பாலும் உடனே தெளிந்துவிடுவார். அப்பா ஒவ்வொரு முறையும் உடனே தெளிந்தார், அதை யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. காரணம் தெரியாமல் மயங்கி விழுகிற பெரியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு ஈசிஜியோடு விட்டுவிடாதீர்கள். உடம்பில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவுசெய்யும் ஹோல்டர் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

டாக்டர் அப்பாவுக்குப் புரிகிற பாஷையில் சொன்னார். "மோட்டார் நல்லா இருக்குங்க ஐயா. கரண்ட் போற ஒயர்லதான் கோளாறு." இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் நோட் என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை அங்கிருந்துதான் மின்துடிப்பு கிளம்புகிறது. அது மேலறைகளைச் சுருங்கவைத்து, நடுவில் இருக்கும் ஏவி நோட் வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. உடம்புக்கு ரத்தத்தைத் தள்ளுவது கீழறை. அப்பாவுக்கு மேலே துடிப்பு ஒழுங்காகக் கிளம்பியது, நடுவழியில் அறுந்துபோனது. மேலிருந்து உத்தரவு வராதபோது கீழறை தானாகவே 30, 40 என்று மெதுவாகத் துடித்துச் சமாளிக்கப் பார்க்கும். அதுவும் தாமதித்தால் ஆள் கீழே விழுவார். வேறு சிலருக்கு சைனஸ் நோட்டே வயதாகித் தளர்ந்துபோகும். அப்படிப்பட்டவர்கள் விழாமலேயே கூட, மாடிப்படி ஏற முடியவில்லை, எந்நேரமும் அசதியாக இருக்கிறது என்று மட்டும் சொல்வார்கள். வயசாயிடுச்சு என்று நாமும் விட்டுவிடுவோம்.

பேஸ்மேக்கர் வைப்பதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துவிட வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அட்டினோலால், மெட்டோப்ரோலால், டில்டியாசெம் போன்ற மாத்திரைகளும் துடிப்பைக் குறைக்கும். தைராய்டு குறைவு, ரத்தத்தில் பொட்டாசியம் கூடுவது இவையும் அப்படியே. இவற்றால் வந்த மெதுவான துடிப்பு, காரணத்தைச் சரிசெய்தாலே பல சமயம் சரியாகிவிடும். அம்மா சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

இப்போது ஆபரேஷன். நெஞ்சைப் பிளப்பார்கள் என்று அப்பா நினைத்திருந்தார். அதெல்லாம் இல்லை. இடது காரை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, ஏறக்குறைய இரண்டு அங்குலம் கீறினார்கள். அங்கே ஓடும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒயரை உள்ளே விட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே இதயத்துக்குள் கொண்டுபோய் நுனியைப் பதித்தார்கள். அப்பாவுக்கு இரண்டு ஒயர், ஒன்று மேலறைக்கு, ஒன்று கீழறைக்கு. ஒயர் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, "மூச்சை இழுத்து விடுங்க, இருமுங்க" என்றார்களாம். பிறகு பெட்டியை ஒயரோடு இணைத்துத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிட்டார்கள். தீப்பெட்டி அகலம், அதில் பாதித் தடிமன், டைட்டானியம் கூடு. ஒன்றரை மணி நேரம் முழுக்க அப்பா விழித்திருந்தார். அழுத்துவதும் இழுப்பதும் தெரிந்தது, வலிக்கவில்லை என்றார். மூன்றாம் நாள் வீடு.

எனவே வயதை நினைத்துப் பயப்படாதீர்கள். பேஸ்மேக்கர் தேவைப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் உங்கள் அம்மா வயதும் அதற்கு மேலும்தான். எண்பது தாண்டியவர்களுக்கும் வைக்கிறார்கள். ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தைத்த இடத்தில் சீழ் பிடிக்கலாம், ரத்தம் கட்டலாம், ஒயர் நகரலாம், ஊசி போகிற வழியில் நுரையீரலில் குத்தி அதைச் சுற்றிக் காற்று சேரலாம். ஆபரேஷன் முடிந்ததும் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது இதற்காகத்தான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உள்ளே போன பெட்டி எந்நேரமும் இதயத்தை அடித்துக்கொண்டே இருக்கும் என்று நினைத்திருந்தேன், அது தவறு. அது முதலில் கேட்கும். இதயம் தானாகத் துடித்தால் சும்மா இருக்கும். குறித்த நேரத்துக்குள் துடிப்பு வராவிட்டால் மட்டும் ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பும். நாங்கள் பட்டறையை மாற்றி அமைத்ததும் இதனால்தான். வெல்டிங் கேபிளில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும்போது அதைச் சுற்றி வலுவான காந்தப்புலம் உண்டாகும். அந்த இரைச்சலை பேஸ்மேக்கர் இதயத்தின் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு, தான் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருந்துவிடலாம். பேஸ்மேக்கரையே நம்பியிருக்கும் ஆளுக்கு அந்தச் சில நொடி போதும், மறுபடி விழ. "இனிமே வெல்டிங் ஹோல்டரைக் கையில புடிக்க வேண்டாமுங்க" என்று டாக்டர் சொன்னபோது அப்பா கலங்கிவிட்டார். நாற்பது வருடத் தொழில். இப்போது பையன்கள் பற்றவைக்கிறார்கள். அவர் தள்ளி நின்று, ஆறிய பிறகு வந்து பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்துச் சரியில்லை என்றால் திட்டுகிறார்.

அப்பாவைத் தேற்றியது ஒரு பழைய கதை. உடம்புக்குள் முதன்முதலாக பேஸ்மேக்கர் வைத்தது 1958 அக்டோபர் 8-ஆம் தேதி, சுவீடனின் ஸ்டாக்ஹோம் பக்கம் கரோலின்ஸ்கா மருத்துவமனையில். ஆர்னே லார்சன் என்ற 43 வயதுக்காரருக்கு அப்பா மாதிரியே ஹார்ட் பிளாக், ஒரு நாளைக்கு இருபது தடவைக்கு மேல் மயங்குவார். அவர் மனைவிதான் சும்மா இருக்காமல் போய் டாக்டர் ஓகே செனிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்டையும் விடாமல் கேட்டுச் சம்மதிக்க வைத்தார். எல்ம்க்விஸ்ட் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்துப் பெட்டியைச் செய்தார். முதல் பெட்டி சில மணி நேரம்தான் ஓடியது, இன்னொன்றை மாற்றினார்கள். அப்படி இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளை மாற்றி மாற்றி லார்சன் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். பெட்டியைச் செய்தவரும் பொருத்திய டாக்டரும் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். பாலிஷ் டப்பா விஷயத்தைக் கேட்டதும் அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். "பட்டறைக்காரன் வேலை கண்ணு அது" என்றார்.

இனி படபடப்பு விஷயம். என் பெரியம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்கும் நோய். அப்பா நன்றாக இருப்பதைப் பார்த்து, "எனக்கும் அந்தப் பெட்டியை வெக்கச் சொல்லு சாமி" என்றார். அவருக்கு அது மருந்து அல்ல. துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும், ரத்தம் உறைந்து பக்கவாதம் வராமல் இருக்க இன்னொரு மாத்திரையும்தான் முக்கியம். சிலருக்கு அப்லேஷன் செய்வார்கள், அதாவது கோளாறான துடிப்பு கிளம்பும் இடத்தை மெல்லிய ஒயர் வழியாகச் செயலிழக்க வைப்பார்கள். ஆனால் சிலருக்கு வேகமும் மந்தமும் மாறி மாறி வரும். வேகத்துக்கு மாத்திரை கொடுத்தால் மந்தம் இன்னும் மோசமாகும். அவர்களுக்கு பேஸ்மேக்கர் அடியில் ஒரு தாங்கலாக நிற்க, மாத்திரையைத் தைரியமாகக் கொடுக்க முடியும். கீழறையிலிருந்து வரும் ஆபத்தான வேகத் துடிப்புக்கு ஷாக் கொடுக்கும் ஐசிடி என்ற வேறு கருவி இருக்கிறது. ஆகவே டாக்டரிடம் கேளுங்கள்: அம்மாவுக்கு எந்த வகை? எந்தப் பதிவில் தெரிந்தது? மாத்திரையால் வந்ததா? ஒற்றை ஒயரா, இரண்டா, ஏன்? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் பயம் பாதியாகக் குறையும். பணத்தைப் பற்றிய கவலை இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கவுன்டரிலும் விசாரியுங்கள்.

வைத்த பிறகு பெரிய கட்டுப்பாடு ஒன்றும் இல்லை. கொடுக்கும் அட்டையை எப்போதும் பையில் வைத்திருக்க வேண்டும். செல்போனைச் சட்டைப் பையிலோ ஜாக்கெட்டுக்குள்ளோ வைக்கக் கூடாது, மறுபக்கக் காதில் பேசலாம். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பது நல்லது. எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் முதலில் பேஸ்மேக்கர் இருப்பதைச் சொல்ல வேண்டும், இப்போதுள்ள பல பெட்டிகள் அதைத் தாங்கும். பேட்டரி பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வரும், தீரும்போது ஒயரை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். கடைசிக் காலத்தில் எரியூட்டுவதற்கு முன் பெட்டியை எடுத்துவிட வேண்டும், சூட்டில் வெடிக்கும். இதை என்னிடம் சொன்னது அப்பாதான், கையேட்டில் படித்துவிட்டு, மின்சார பில் கட்டச் சொல்வது மாதிரி சாதாரணமாக.

அம்மா என்பதால் இன்னும் இரண்டு. ஜாக்கெட்டின் தோள்பட்டை ஓரமோ உள்ளாடைப் பட்டையோ பெட்டி மேல் உரசாதபடி எங்கே வைப்பது என்று ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிடுங்கள். ஒயர் நன்றாகப் பிடிக்கும் வரை, நான்கிலிருந்து ஆறு வாரம், அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தாலும் தோள் இறுகிவிடும், தோளுக்குக் கீழே மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். கொண்டை போட இரண்டு கையும் மேலே போக வேண்டும். அதுவரை அம்மாவுக்கு நீங்கள் தலைவாரிவிடுங்கள்.