மூன்று சிங்கமா, நான்கா? இந்திய அரசுச் சின்னம்: கேள்வி பதில்

கேள்வி: பாஸ்போர்ட் அட்டையில் மூன்று சிங்கம்தான் இருக்கிறது. மகளின் பாடப்புத்தகம் நான்கு என்கிறதே?

பதில்: புத்தகம் சொல்வது சரி, அம்மா. சாரநாத்தில் அசோகர் நிறுத்திய தூணின் உச்சியில் நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. நேர் எதிரே நின்று பார்த்தால் ஒன்று பின்னால் மறைந்துவிடும். அப்படியே சிங்கங்களின் காலடியையும் மகளுக்குக் காட்டுங்கள். நடுவில் சக்கரம், நமக்கு வலப்பக்கம் காளை, இடப்பக்கம் பாயும் குதிரை. மூலக் கல்லைச் சுற்றி வந்தால் யானையும் இன்னொரு சிங்கமும் உண்டு.

கேள்வி: அந்தக் கல் இன்னும் இருக்கிறதா?

பதில்: சாரநாத் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. காசிக்குப் போகிறவர்கள் தவறவிடக் கூடாது, பக்கத்தில்தான். 1904-05 அகழாய்வில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. சுமார் ஏழடி உயரம், சுனார் மணற்கல், மொத்தமும் ஒரே கல். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அதன் மெருகு போகவில்லை. சிங்கங்களின் தலைக்கு மேல் முன்பு ஒரு பெரிய சக்கரம் இருந்தது. அதில் உடைந்த துண்டுகளே மிஞ்சின. அடியில் உள்ள கவிழ்ந்த தாமரையைச் சின்னத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அவ்வளவு அழகான தாமரை! எனக்கு அது இன்றும் குறைதான்.

கேள்வி: கொடியில் உள்ளதும் இதே சக்கரமா?

பதில்: ஆமாம், 24 ஆரங்கள். கொடி 1947 ஜூலை 22 அன்று ஏற்கப்பட்டது, சின்னம் 1950 ஜனவரி 26 அன்று.

கேள்வி: எங்கள் சங்கத்தின் லெட்டர்பேடில் சிங்கத்தை மட்டும், வாசகம் இல்லாமல் போடலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. 'சத்யமேவ ஜயதே' முண்டக உபநிடதத்தின் வரி. அதுவும் சின்னத்தின் ஒரு பகுதி. தமிழ்நாடு அரசு முத்திரையில் 'வாய்மையே வெல்லும்' என்று படிக்கிறோமே, அதே பொருள். வாசகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தனியார் யாரும் சின்னத்தைப் பயன்படுத்தக் கூடாது. முன்னாள் எம்.எல்.ஏ., ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கும் இதே விதிதான். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். சங்கத்துக்கென்று சொந்தமாக ஒரு சின்னம் வரைந்துகொள்ளுங்கள்.

கேள்வி: தேசிய விளையாட்டு ஹாக்கிதானே?

பதில்: இல்லை. 2012-இல் ஒரு பள்ளி மாணவி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்றே அரசு பதில் தந்தது. விலங்கு புலி, பறவை மயில். இவை இரண்டும் சரி.