விடை சரியாக வந்தால் போதாதா, ஏன் நிரூபணம் கற்பிக்க வேண்டும்?

போதாது. வட்டத்தின் மேல் புள்ளிகளை வைத்து, ஒவ்வொரு இரண்டையும் நேர்கோட்டால் இணையுங்கள். 1, 2, 3, 4, 5 புள்ளிகளுக்கு வட்டம் 1, 2, 4, 8, 16 பகுதிகளாகப் பிரியும். அடுத்தது 32 என்றே வகுப்பு முழுவதும் சொல்லும். வரைந்து எண்ணினால் 31தான்!

புள்ளிகளைச் சம இடைவெளியில் வைக்கக் கூடாது. நடுவில் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்தித்து 30 ஆகிவிடும்.

காரணத்தைத் தேடும்போதுதான் கணிதம் தொடங்குகிறது. புதிதாக வரையும் ஒவ்வொரு கோடும் ஒரு பகுதியைக் கூட்டுகிறது. உள்ளே அது வெட்டும் ஒவ்வொரு கோட்டுக்கும் இன்னொன்று கூடுகிறது. 6 புள்ளிகளில் 15 கோடுகள். எந்த நான்கு புள்ளிகளை எடுத்தாலும் ஒரே ஒரு வெட்டுப்புள்ளி; ஆறில் நான்கை 15 விதமாக எடுக்கலாம், ஆக 15 வெட்டுகள். முதலில் இருந்த ஒன்றையும் சேர்த்தால் 1 + 15 + 15 = 31.

அறிவியலில் சோதனைகள் குவியக் குவிய ஒரு கருத்து வலுப்பெறும். கணிதத்தில் ஐந்து முறை பொருந்தியதும் வெறும் ஊகம்தான். ஆகவே வகுப்பில் சூத்திரத்தை முதலில் எழுதிப்போடாதீர்கள். மாணவர்கள் 32 என்று நம்பட்டும், எண்ணட்டும், தடுமாறட்டும். ‘எண்ணியதில் தப்பு’ என்று சிலர் அழித்துவிட்டு 32 என்றே எழுதுவார்கள். அவர்களிடம் பகுதிகளுக்கு எண்ணிடச் சொல்லுங்கள்.