‘செப்பரேட்டட்’ கட்டத்தில் டிக் போட்டுவிடாதீர்கள்

தம்பி, டொராண்டோ வந்து மூன்று மாதம் ஆகிறது, மனைவி இன்னும் மதுரையில்தான் என்று எழுதியிருந்தீர்கள். வருகிற கடிதங்களில் அன், இன், டிஸ், செ என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் குழப்புகின்றன, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று பொருள் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பதினாறு வருஷத்துக்கு முன்னால் நான் அப்படிப் படித்துத்தான் மாட்டிக்கொண்டேன்.

அப்போது என் மனைவியும் ஊரில்தான், விசா வரவில்லை. முதல் வருமான வரிப் படிவத்தில் ‘மேரிட்’ என்று ஒரு கட்டம், ‘செப்பரேட்டட்’ என்று இன்னொன்று. கல்யாணம் ஆகிவிட்டது, ஆனால் பிரிந்துதானே இருக்கிறோம்? இரண்டாவதில் டிக் அடித்தேன். கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன, மனுசியோட சண்டையோ?” என்றார். நல்லவேளை, படிவம் தபாலில் போகவில்லை. கனடா வரிக் கணக்கில் அந்தச் சொல்லுக்கு, உறவு முறிந்து குறைந்தது 90 நாள் தனித்தனியே வாழ்வது என்று பொருள். வேலைக்காகவோ விசாவுக்காகவோ ஆளுக்கொரு நாட்டில் இருப்பது அதில் சேராது. நீங்கள் மேரிட்தான். பிறகு மனைவிக்கு ஸ்பான்சர் செய்யும்போது, வரிப் படிவத்தில் ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும் நிலை வரக்கூடாது.

இன்னொரு கதை. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தேன். ரிப்போர்ட்டில் இதயம் ‘அன்ரிமார்க்கபிள்’ என்று இருந்தது. அதை ‘சொல்லிக்கொள்ளும்படி இல்லை’ என்று மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டேன். நம் ஊரில் மழை சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றால் என்ன பொருள்? ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காலையில் டாக்டர் சிரித்தார். குறை சொல்ல எதுவும் தென்படவில்லை என்பதைத்தான் அப்படி எழுதுவார்களாம்.

‘அன்’ சில இடத்தில் இல்லை என்று சொல்லும். சில இடத்தில் செய்ததைத் திருப்பும். ‘அன்பேக்’ என்றால் கட்டிய மூட்டையை அவிழ்ப்பது, ‘அன்லாக்’ என்றால் பூட்டைத் திறப்பது. ‘இன்’ அதைவிட மோசம். கோடவுனில் டப்பா மேல் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று பார்த்தால் தீப்பிடிக்காது என்று நினைத்துப் பக்கத்தில் வெல்டிங் வைத்துவிடாதீர்கள், குப்பென்று பற்றும். அந்த ‘இன்’ லத்தீனில் ‘உள்ளே’ என்ற பொருளில் வந்தது. அநீதியில் இருக்கும் அ வேறு, அரிசியில் இருக்கும் அ வேறு இல்லையா, அப்படித்தான்.

நமக்கு இது தடுமாறுவதற்குக் காரணம் உண்டு என்பது என் எண்ணம். வரவில்லை, தெரியாது, செய்யாதே என்று தமிழில் மறுப்பு வாலில் வரும். காது கடைசிவரை காத்திருந்தே பழகிவிட்டது. ஆங்கிலத்தில் அது தலையிலேயே வந்து போய்விடுகிறது. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை ‘டிஸ்ரிகார்ட்’ செய்யவும், அதாவது கண்டுகொள்ளாமல் விடவும் என்று பில்லின் அடியில் இருக்கும். அவசரத்தில் கவனி என்று பொருள்படும் ‘ரிகார்ட்’ மட்டும் கண்ணில் பட்டு, ஒரே மின்சார பில்லை இரண்டு தடவை கட்டியவன் நான்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். வீட்டுக்கு வரும் கடிதத்தில் அந்தச் சொல் நிற்கும் வரியை முழுசாக நோட்டில் எழுதிவையுங்கள், என் நோட்டு இன்னும் இருக்கிறது. அப்புறம், வரிப் படிவத்துக்கு ஏப்ரல் 30 கடைசி நாள். அனுப்புவதற்கு முன் அந்தக் கட்டத்தை இன்னொரு தடவை பாருங்கள்.