சம்பளமில்லாத கரி வேலை

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. மெக்கானிக்கல் முடித்துவிட்டு இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கம் நல்ல வேலையில் இருக்கிறான். ஒரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அங்கே பழமை மாறாமல் காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு ரயில் பாதைக்குப் போகிறான். பிரித்துப் போட்டிருக்கும் ஒரு நீராவி இன்ஜினை மறுபடி ஓட வைக்க, தன்னார்வலர்களோடு சேர்ந்து வேலை பார்க்கிறானாம். ஒரு பைசா சம்பளம் கிடையாது. பாய்லருக்குள்ளேயே புகுந்து வேலை செய்கிறேன் என்கிறான். முகமெல்லாம் கரியாக ஒரு போட்டோ அனுப்பினான். அதைப் பார்த்த என் வீட்டுக்காரர் போனிலேயே, "ஏல, இதுக்கா ஒன்னயப் படிக்க வச்சேன்?" என்று கேட்டார். இரண்டு மாதமாக அவனோடு பேசவில்லை. என் மாமனார் அந்தக் காலத்தில் லோகோ ஷெட்டில் பாய்லர் மேக்கராக இருந்தவர். இப்போது 86 வயது, காது கேட்காது. என் வீட்டுக்காரர் காதோரம் போய்ச் சொன்னால் மட்டும் புரிந்துகொள்வார். மகன் செய்வது சரியா? பாய்லர் வெடித்துவிடாதா? பெண் பார்க்கும் இடத்தில் என்ன சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அது அடங்கினால்தான் மற்றதெல்லாம் மனதில் ஏறும். உங்கள் மகன் உள்ளே புகுந்திருக்கும் பாய்லரில் இப்போது நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, நீராவியும் இல்லை. இன்ஜினைப் பிரித்து, பாய்லரைத் தனியே இறக்கி, உள்ளே நெருக்கமாக ஓடும் குழாய்களை எல்லாம் உருவி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது குளிர்ந்துபோன ஓர் இரும்புக் கூடுதான். அதற்குள்தான் அவன் குனிந்து உட்கார்ந்து துருவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான்.

வேலை முடிந்ததும் எடுத்த எடுப்பில் நெருப்பு மூட்ட மாட்டார்கள். பாய்லரில் பச்சைத் தண்ணீரை முட்ட நிரப்பி, ஓடும்போது இருக்கும் அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு வரை ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீரில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அடைபட்ட நீராவி வழி கிடைத்ததும் விரிந்து பாயும், தண்ணீர் அப்படி விரியாது. பலவீனமான இடம் இருந்தால் அங்கே கசியும், அவ்வளவுதான். அதில் தேறிய பிறகுதான் நெருப்பு. அதையும் வேலை செய்தவர்களே பார்த்துச் சரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து, நின்று பார்த்து, சான்று கொடுக்க வேண்டும். பிரிட்டனில் பொதுவாகப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை இன்ஜினை இப்படி முழுசாகப் பிரித்துவிடுகிறார்கள். அப்புறம், பாய்லரின் ஒரு முனையில் நெருப்பு எரியும் அறையான ஃபயர் பாக்ஸின் கூரையில் ஈயம் வைத்த ஒரு பிளக் இருக்கும். தண்ணீர் மட்டம் இறங்கினால் அந்த ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேலேயே பாய்ந்து ஆட்களை உஷார்படுத்தும். லெட் பிளக் என்பார்கள். உங்கள் மாமாவுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும்.

ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. மாமாவின் காது.

ஃபயர் பாக்ஸுக்கு உள்சுவர், வெளிச்சுவர் என்று இரண்டு. நடுவில் தண்ணீர். அந்த இரண்டு சுவரையும் விலகாமல் இழுத்துப் பிடிக்க நூற்றுக்கணக்கில் ஸ்டே போல்ட் அடித்திருப்பார்கள். அதில் எது ஒடிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல போல்ட் கணீரென்று சொல்லும், ஒடிந்தது சொத்தென்று சொல்லும். இரும்பு அறைக்குள் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கிற வேலை அது. பக்கத்திலேயே இன்னொருவர் ரிவெட் அடித்துக்கொண்டிருப்பார். 1886ல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் நூறு பாய்லர் தொழிலாளர்களைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது சரியாகக் கேட்கவில்லை. தொழிலுக்கு எது கருவியோ, அதையே அந்தத் தொழில் தின்றிருக்கிறது. உங்கள் மாமாவின் செவிட்டுக்கு வயதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வயது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் மகனிடம் நீங்கள் கேட்க வேண்டியது, "பாய்லர் வெடிக்குமா?" என்று அல்ல. "காதுக்கு மாட்டியிருக்கியா? மூக்குக்கு மாஸ்க் போடுறியா? கால்ல நல்ல ஷூ இருக்கா?" என்று கேளுங்கள். பழைய பாய்லரைச் சுற்றிச் சூடு போகாமல் இருக்கக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சுற்றியிருப்பார்கள். அதன் தூசி நுரையீரலுக்கு மிகவும் கெட்டது. அங்கே அதை அகற்ற உரிமம் பெற்ற ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும். இவர்கள் இன்ஜினில் அது எடுத்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அவன் தயங்காமல் பதில் சொன்னால், அவன் நல்ல ஆட்களோடுதான் இருக்கிறான் என்று நிம்மதியாக இருக்கலாம்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர். அவர் கோபம் பணத்தைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. மகன் சனிக்கிழமை கிரிக்கெட் ஆடப் போனாலும் சம்பளம் கிடையாதுதான், அதற்கு அவர் இரண்டு மாதம் பேசாமல் இருக்க மாட்டார். அவரைச் சுட்டது அந்தப் போட்டோ. லோகோ ஷெட்டில் வேலை பார்த்த அப்பா ராத்திரி வீட்டுக்கு எப்படி வந்தார் என்பதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் போகாத கரி, வெயிலில் காய்ந்த காக்கிச் சட்டையின் எண்ணெய் வாடை, கூப்பிட்டால் திரும்பாத அப்பா. தன் பிள்ளைக்கு இது வேண்டாம் என்று எத்தனை கஷ்டப்பட்டுப் படிக்க வைத்திருப்பார்! அந்தப் பிள்ளை கடல் தாண்டிப் போய், அதே கரியைப் பூசிக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்கிறான். தன் அப்பா பட்ட பாட்டை மகன் விளையாட்டாக எடுத்துக்கொண்டான் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். இது என் யூகம். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தால் எனக்கும் வலித்திருக்கும். அவரைப் பிடிவாதக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்.

அதே சமயம், மகன் விளையாடவில்லை. அங்கே இது எப்படித் தொடங்கியது என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும். வேல்ஸில் டாலிலின் என்று ஒரு சின்ன ரயில். மலையிலிருந்து கற்பலகை ஏற்றி வந்தது. முதலாளி இறந்ததும் மூடிவிடுவார்கள் என்ற நிலை. ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் சேர்ந்து, நாங்களே ஓட்டுகிறோம் என்று 1951ல் ஓட்டினார்கள். உலகத்திலேயே தன்னார்வலர்கள் எடுத்து நடத்திய முதல் ரயில் அதுதான். 1968ல் பிரிட்டிஷ் ரயில்வே தன் பிரதான பாதைகளில் நீராவியை நிறுத்தியது. தெற்கு வேல்ஸில் பாரி என்ற ஊரில் ஒரு பழைய இரும்பு வியாபாரி 300க்குக் கொஞ்சம் குறைவான இன்ஜின்களை உடைப்பதற்காக வாங்கிப் போட்டிருந்தார். வேகன்களை உடைப்பது சுலபம் என்று அதை முதலில் எடுத்துக்கொண்டார். இன்ஜின்கள் கடற்காற்றில் துருப்பிடித்து வருஷக்கணக்கில் நின்றன. ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து, ஒவ்வொன்றாக 213 இன்ஜின்களை அங்கிருந்து மீட்டுக்கொண்டு போனார்கள்.

காசு கொடுத்து வாங்கியாயிற்று, சரி. ஓட வைப்பது யார்? அந்த வேலை தெரிந்தவர்கள் ரிட்டயர் ஆகிக்கொண்டிருந்தார்கள். பழைய ஃபிட்டரும் பழைய பாய்லர் மேக்கரும் வாரக் கடைசியில் ஷெட்டுக்கு வந்து, பக்கத்தில் நின்ற பையனிடம் சுத்தியலைக் கொடுத்து, "இப்படித் தட்டு, கேளு" என்று சொன்னதால்தான் அந்த வித்தை பிழைத்தது. ஸ்டே போல்ட்டின் சத்தத்தைப் புத்தகத்தில் எழுத முடியாது. அங்கே சேருகிற பிள்ளைகள் முதலில் இன்ஜினைத் துடைக்கத்தான் சேருகிறார்கள். நெருப்பில் கரி போடும் ஃபயர்மேன் ஆக, டிரைவர் ஆக வருஷக்கணக்காகும், பரீட்சையும் உண்டு. உங்கள் மகனுக்கு ஒரு வருஷத்தில் பாய்லருக்குள் போக விட்டிருக்கிறார்கள் என்றால் அவன் கையை நம்புகிறார்கள் என்று அர்த்தம்.

நம் பக்கம் அப்படி நடக்கவில்லை. 1904 நவம்பரில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே மலையைக் குடைந்து ரயில் விட்ட பாதை இது. நான் சின்னப் பிள்ளையாக நெல்லையிலிருந்து தென்காசி போகும்போது கல்லிடைக்குறிச்சி தாண்டித் தாமிரபரணிப் பாலம் வந்ததும் ஜன்னலில் தலையை நீட்டுவேன். கண்ணில் கரித்தூள் விழும். அம்மா முந்தானையைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதி, சூடாகக் கண்ணில் ஒற்றுவாள். நீராவி போய் டீசல் வந்தது. 2010ல் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் வண்டியும் நின்றது. 2018ல் அகலப் பாதை முடிந்தது. அகலப் பாதை வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், நான்கு ஊர் ஜனம் போய்வர வசதி. ஆனால் ஷெட்டுகளில் முப்பது நாற்பது வருஷம் கைவேலை கற்றவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் யாரும் சுத்தியலோடு வந்து நிற்கவில்லை. வர்ணம் அடித்து வாசலில் நிறுத்திய இன்ஜின்கள் சில இருக்கின்றன. அவற்றுக்குள் நெருப்பு எப்படி மூட்டுவது என்று அந்த வர்ணம் சொல்லித் தராது. ஆறுதலுக்கு ஒன்று: திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஊட்டி மலை ரயிலுக்காக இந்த நூற்றாண்டிலேயே புதிதாக நீராவி இன்ஜின்கள் செய்திருக்கிறார்கள். அந்த வித்தை செத்துப்போகவில்லை. படித்த பிள்ளை செய்யும் வேலையா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் சொல்லிப் பார்த்துப் புரியவைப்பதை நம்பாதீர்கள். நான் ஒரு வழி சொல்கிறேன். உங்கள் மகனுக்கு ஒரு பாய்லர் மேக்கரிடம் கேட்க நிறையக் கேள்வி இருக்கும். வீட்டில் ஒரு பாய்லர் மேக்கர் இருக்கிறார். ஆனால் அவருக்குக் கேட்பது உங்கள் வீட்டுக்காரர் குரல் ஒன்றுதான். மகன் கேட்கட்டும், உங்கள் வீட்டுக்காரர் அதை அப்பா காதோரம் சொல்லட்டும், பதிலை இவரே மகனுக்குச் சொல்லட்டும். "அவன்கிட்ட பேசுங்க" என்று நீங்கள் சொன்னால் மாட்டார். "தாத்தாட்ட ஒண்ணு கேக்கணுமாம், எனக்கு அந்தப் பேரெல்லாம் வாயில நுழையல, நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்று சொன்னால் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

கேள்வி உருப்படியாக இருக்க வேண்டும். "எப்படி இருக்கீங்க தாத்தா" வேண்டாம். அந்த நாட்டுப் பழைய இன்ஜின்களில் ஃபயர் பாக்ஸ் பெரும்பாலும் செம்பு. தாத்தா கை வைத்தது செம்பா, எஃகா என்று கேட்கச் சொல்லுங்கள். ஒடிந்த ஸ்டேயை எப்படிக் கண்டுபிடித்தார், குழாய் முனை கசிந்தால் என்ன செய்தார், மழைக்காலத்தில் மலை ஏறுகிற இன்ஜினுக்கு என்ன வியாதி அதிகம் வரும், நம் ஊர்த் தண்ணீரில் பாய்லருக்குள் எவ்வளவு உப்புப் படியும் என்றெல்லாம் கேட்கலாம். பதில் சொல்லச் சொல்ல உங்கள் வீட்டுக்காரரும் அதைக் கேட்பார். தன் அப்பா அந்தக் கரிக்குள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவரிடம் இதுவரை யாரும் விவரமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மகனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கரி முகத்தோடு சிரிக்கும் போட்டோவை அப்பாவுக்கு இனி அனுப்ப வேண்டாம். தட்டிப் பார்த்து அவன் கண்டுபிடித்த போல்ட்டை, உருவி எடுத்த குழாயைப் படம் எடுத்து அனுப்பட்டும். "தாத்தா கஷ்டப்பட்டுச் செய்ததை நான் ஆசைப்பட்டுச் செய்கிறேன், அதுக்கு நீங்க படிக்க வச்சதுதான் காரணம்" என்று ஒரு நாள் அப்பாவிடம் அவனே சொல்ல வேண்டும். அதை நீங்கள் சொன்னால் சரிவராது.

பெண் பார்க்கும் விஷயத்துக்கு அதிகம் யோசிக்காதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். சனிக்கிழமை எங்கே போகிறான் என்று மறைத்துக் கல்யாணம் செய்தால், வருகிற பெண்ணுக்கு முதல் சனிக்கிழமையே தெரிந்துவிடும். பெண்ணிடம் அவனே பேசட்டும். கல்யாணத்துக்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் ஷெட் என்று இருக்க முடியாது என்பதை மட்டும் அவனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

வருகிற சனிக்கிழமையே ஆரம்பித்துவிடுங்கள். அங்கே காலை பத்து மணி என்றால் கோடையில் நமக்கு மதியம் இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை. மாமா மதியம் தூங்கி எழுந்து காபி குடிக்கும் நேரம் பார்த்து, ஷெட்டுக்குள்ளிருந்தே அவனை வீடியோவில் கூப்பிடச் சொல்லுங்கள். ஃபயர் பாக்ஸின் வாய்க்கு நேராகப் போனைப் பிடிக்கட்டும். மாமாவுக்குக் கண் நன்றாகத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியும் என்றால் போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, பக்கத்தில் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.