சகலை பார்த்த ஹோட்டலும் டாப்-அப் கடனும்

கேள்வி: ஜூலையில் நாங்கள் நால்வரும் சகலை குடும்பத்தோடு ஆஸ்லோ போகிறோம். டிக்கெட், சாப்பாட்டுக்குப் பணம் இருக்கிறது, ஹோட்டல்தான் இடிக்கிறது. கடலோர ஆக்கர் பிரிக்கேயில் ஒரே ஹோட்டலில் தங்கலாம் என்கிறார் சகலை. எங்கள் பங்குக்கு இரண்டு அறை, 6 இரவு, 34,800 நார்வே குரோனர். நான் பார்த்தது மயூர்ஸ்டுவெனில், நால்வருக்கும் ஒரே அறை, காலை உணவோடு 15,600. துபாய் போக வாங்கிய 3 லட்சம் கடனில் இன்னும் 15 தவணை பாக்கி. அதன்மேல் 3.1 லட்சம் டாப்-அப் தருகிறார்களாம்; வட்டி 14%, 5 வருடம், தவணை 10,250-லிருந்து 10,500 ஆகும், அவ்வளவுதான். மே மாதம் முதிரும் 1.5 லட்சம் ஆர்.டி.யைத் தொட மனமில்லை. வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். 250 ரூபாய்தான் கூடுகிறது என்று பார்க்கிறீர்கள். 15 மாதத்தில் முடியவேண்டிய கடன் 60 மாதமாக நீள்வதைப் பாருங்கள். இப்போது பாக்கி அசல் சுமார் 1.4 லட்சம். இப்படியே கட்டினால் இனி போகும் வட்டி சுமார் 13,500. டாப்-அப் வாங்கினால் அசல் 4.5 லட்சம், வட்டி மட்டும் சுமார் 1.78 லட்சம்! துபாய்க் கடன் முடியுமுன் ஆஸ்லோ. இது முடியுமுன் அடுத்த ஊருக்கு இன்னொரு டாப்-அப். இந்தப் பழக்கம்தான் எனக்குக் கவலை.

குரோனருக்கு 9 ரூபாய் என்று வையுங்கள். சகலை பார்த்தது 3.13 லட்சம், நீங்கள் பார்த்தது 1.4 லட்சம். ஆர்.டி. பணத்திலேயே அடங்கிவிடும். 7% தரும் சேமிப்பைக் காப்பாற்ற 14%-க்குக் கடன் வாங்குவானேன்? 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று யாராவது வந்தாலும் வேண்டாம். பிராசசிங் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று ஏதோ ஒரு பெயரில் அந்தக் காஸ்ட் வந்துவிடும்.

அக்கா குடும்பம் கடலோரத்தில், நாம் தள்ளியா என்று வீட்டில் வருத்தம் வரலாம். புரிகிறது. ஆனால் மயூர்ஸ்டுவென் ஒதுக்குப்புறம் இல்லை. நகர மையத்தின் நேஷனல்தியேட்ரெட் நிலையத்திலிருந்து சுரங்க ரயிலில் ஒரே ஸ்டாப். விகெலாண்ட் சிற்பப் பூங்கா நடக்கிற தூரம், கட்டணமும் கிடையாது. அதே பயணச்சீட்டில் டிராம், பஸ், தீவுகளுக்குப் போகும் படகு எல்லாம் அடக்கம். பகல் முழுக்கச் சேர்ந்தே சுற்றலாம், தூங்க மட்டும் தனி இடம். காலை உணவும் சேர்ந்திருப்பது பெரிய லாபம். அங்கே நால்வர் வெளியே சாப்பிட்டால் பில் கனமாக வரும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

விமான நிலையத்திலிருந்து ஃபிளைடோகெட் எக்ஸ்பிரஸ் வேண்டாம். 'வி' (Vy) நிறுவனத்தின் சாதாரண ரயில் சில நிமிடம்தான் கூட எடுக்கும், கட்டணம் பாதிக்கு அருகில். கார்டு மெஷின் 'ரூபாயிலா, குரோனரிலா' என்று கேட்டால் குரோனரையே அழுத்துங்கள்.

சரி, சகலையிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அறையை ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் போடுங்கள். ஜூலையில் ஆபீஸ் வேலையாக வருகிறவர்கள் குறைவதால் பல ஹோட்டல்கள் விலையை இறக்கும். ஜூன் கடைசியில் ஒருமுறை பார்த்து, குறைந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.