ஜி வரும்வரை சீவலாமா?

அன்புள்ள சார்,

அம்பத்தூரில் ஒரு டூல் ரூமில் வேலை செய்கிறேன். ஏழு மாதமாக வீட்டு மாடியில் ஸ்டீல் கம்பி கிட்டார் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். இதுதான் முதல் கிட்டார். மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். உள்பக்கம் எக்ஸ் வடிவத்தில் பிரேஸ், அதாவது பலகையைத் தாங்கும் கட்டைகள், ஒட்டியாகிவிட்டது, பலகையை இன்னும் பெட்டியில் ஒட்டவில்லை. யூடியூபில் ஒருவர் பலகையைக் காதருகே பிடித்துத் தட்டித் தட்டி, பிரேஸைச் சீவிச் சீவி ஒரு சுரத்துக்குக் கொண்டுவருகிறார். நானும் தட்டிப் பார்த்தேன். போனில் டியூனர் ஆப், ஜி சுரத்துக்குக் கொஞ்சம் மேலே காட்டுகிறது. ஜி வரும்வரை சீவலாமா? இல்லை, இந்தத் தட்டுகிற வேலையே சும்மா வித்தை காட்டுவதா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

எம்., அம்பத்தூர்

அன்புள்ள எம்.,

முதலில் உளியைக் கீழே வையுங்கள். ஜி-க்காக ஒரு சுருள்கூடச் சீவ வேண்டாம்.

தட்டுவது வித்தை இல்லை. நானும் தட்டுகிறேன். ஆனால் அதில் என்ன சுரம் வருகிறது என்று பார்ப்பதில்லை. பலகை எவ்வளவு விறைப்பு, எவ்வளவு கனம், இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத்தான் சுரம் சொல்கிறது. கனமும் விறைப்புமான பலகை ஜி கொடுக்கும். இலேசான, நெகிழ்வான பலகையும் அதே ஜி கொடுக்கும். இரண்டையும் கிட்டாராக்கினால் ஒன்று ஊமை, மற்றது வாயாடி. ஆப்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதோடு, இப்போது உங்கள் பலகையின் விளிம்பு சுதந்திரமாக இருக்கிறது. நாளைக்குச் சுற்றிலும் ஒட்டிவிடுவீர்கள், மேலே கம்பிகளைப் பிடிக்கும் பிரிட்ஜ் ஏறும், உள்ளே காற்று அடைபடும். இன்று கேட்ட சுரம் அப்போது இருக்காது. முடிந்த கிட்டாரில் காற்றின் அதிர்வு சுமார் 100 ஹெர்ட்ஸிலும் மேல்பலகையின் முதல் பெரிய அதிர்வு 200-ஐ ஒட்டியும் வரும். உங்கள் மூன்றாவது கம்பியைத் திறந்து மீட்டினால் வருவது ஜி, 196 ஹெர்ட்ஸ். பலகை சரியாக அங்கே போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? அந்த ஒரு சுரம் மட்டும் குபீரென்று எழுந்து சட்டென்று செத்துப்போகும். கம்பியிடமிருந்து பலகை மொத்தமாகப் பிடுங்கிக்கொள்கிறது. செல்லோவில் இதே காரியம் நடந்தால் வில்லுக்கடியில் சுரம் திக்கித் திணறும், ஓநாய் சுரம் என்பார்கள். நம் சி.வி. ராமன் 1916-லேயே அதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஆகவே அனுபவஸ்தர்கள் பலர், பலகையின் அதிர்வு இரண்டு சுரங்களுக்கு நடுவே விழட்டும் என்றுதான் பார்க்கிறார்கள். ஜி-க்குக் கொஞ்சம் மேலே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். முடிந்த கிட்டாரிலும் அப்படியே அமைந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

வாத்தியம் என்றாலே சுருதி சேர்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. மிருதங்கத்தில் அதைத்தான் செய்கிறோம். வலந்தலையில் கருஞ்சாந்தைப் பூச்சுப் பூச்சாக ஏற்றி, கல்லால் தேய்த்து, மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசைந்து வரும்வரை விடுவதில்லை. ராமனே 1920-இல் நேச்சர் இதழில் அதையும் எழுதினார். ஆனால் மிருதங்கத்தில் தோல்தான் பாடுகிறது. கிட்டாரில் பாடுவது கம்பி. பலகை எல்லாச் சுரத்தையும் ஒருபோல ஏற்று வெளியே அனுப்ப வேண்டும். அதற்கென்று சொந்தச் சுரம் பலமாக இருந்தால் நமக்குத்தான் தொல்லை.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? ஸ்பெயினில் அல்மேரியாக்காரர் அந்தோனியோ தே தோரெஸ், இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவத்தை நிலைப்படுத்தியவர். மேல்பலகைதான் எல்லாம் என்று நினைத்தவர். 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து, மேலே மட்டும் நல்ல பலகை போட்டு ஒரு கிட்டார் கட்டிக் காட்டினார். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது. உங்கள் ரகசியம் என்ன என்று கேட்டதற்கு, அது என் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் இருக்கிறது, என்னோடு குழிக்குள் போய்விடும் என்ற மாதிரி சொன்னாராம். அவருக்குப் பழக்கமான ஒரு பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். காது என்று அவர் சொல்லவில்லை, பாருங்கள். பலகையை இரண்டு விரலுக்கிடையே பிடித்து வளைத்துப் பார்க்கிற உணர்வு அது.

நமக்கு அந்த விரல் கிடையாது. டூல் ரூம்காரரான உங்களிடம் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் இருக்கிறது! பலகையை இரண்டு முனையிலும் தாங்கி வைத்து, பிரிட்ஜ் வரும் இடத்தில் ஒரு கிலோ எடைக்கல்லை வைத்து, எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பலகையின் எடையையும் பக்கத்தில் எழுதுங்கள். முதல் கிட்டாருக்கு இந்த இரண்டு எண்களால் பெரிய பிரயோஜனமில்லை. மூன்றாவது கிட்டார் கட்டும்போது இவைதான் கைகொடுக்கும்.

இப்போது என் கதை. இரண்டாவது கிட்டாரில் நானும் உங்களைப் போலத்தான் ஒரு சுரத்தைத் துரத்தினேன். எக்ஸ் பிரேஸ் 14 மில்லிமீட்டர் உயரம் இருந்தது. கொஞ்சம்தானே என்று சீவிக்கொண்டே போனேன். விறைப்பு உயரத்தின் மூன்றாம் மடிக்குப் போகும் என்று படித்திருந்தேன், கைக்கு அது தெரியவில்லை. 14-ஐ 12.6 ஆக்கினால் எடையில் பத்தில் ஒரு பங்குதான் போகிறது, விறைப்பில் 27 சதவீதம் போய்விடுகிறது. அகலத்தில் பத்தில் ஒன்று எடுத்தால் இரண்டும் அதே பத்தில் ஒன்றோடு நிற்கும். கம்பி ஏற்றிய அன்று அப்படி ஒரு முழக்கம், வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஐந்தாவது மாதம் பிரிட்ஜுக்குப் பின்னால் தொப்பை விழுந்தது. முன்பக்கம் பள்ளம். கம்பிகள் விரலுக்கு எட்டாத உயரத்தில் நின்றன. ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கிறது, ராப்பகலாக. சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்தப் பலகை இப்போது பரண்மேல் இருக்கிறது.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனி பிரேஸின் நடுப்பகுதியைக் குழிவாகச் சீவிக்கொண்டிருந்தது. வாசிப்பவர்கள் தடித்த கம்பிகளாகப் போட, பலகைகள் தாங்கவில்லை. 1944 இறுதியில் குழிவை நிறுத்திவிட்டார்கள். 1976-இல் எச்டி-28 மாடலில்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

வயலின்காரர்கள் இந்தத் தட்டுச் சுரத்தில் நம்மைவிட ஆழமாகப் போனவர்கள். கார்லீன் ஹட்சின்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவர், ஒட்டாத பலகைகளின் மேல் பொடி தூவி, கீழே ஒலி கொடுத்து, பொடி சேரும் கோடுகளைப் பார்த்துச் சீவும் முறையைப் பரப்பினார். ஜெர்மன் இயற்பியலாளர் கிளாட்னி 1787-இல் உலோகத் தகட்டில் மணலை வைத்து விவரித்ததுதான் அது. நீங்களும் செய்யலாம். போனில் ஒலி எழுப்பும் ஆப், கீழே ஒரு ஸ்பீக்கர், பலகைக்கு நான்கு ஸ்பாஞ்சுத் துண்டு, மேலே தேயிலை. டஸ்ட் டீ வேண்டாம், மரத்தில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். இலைத் தேயிலை வாங்குங்கள். கோடு ஒருபக்கம் கோணினால் அந்தப் பக்கத்தைக் கவனியுங்கள், அவ்வளவுதான். அந்தக் கோடுகள் வரும் ஹெர்ட்ஸ் எண்களை வைத்து முடிந்த வயலினின் தரத்தைச் சொல்லிவிடலாமா என்று பிற்பாடு அளந்து பார்த்தவர்களுக்கு அப்படியொன்றும் உறுதியாகக் கிடைக்கவில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. பிரேஸ் ஒட்டிய நாள் மழையா? ஈரத்தில் பலகை கனத்து, நெகிழ்ந்து, சுரம் இறங்கும். ஐப்பசியில் குறித்த எண்ணைப் பங்குனியில் ஒப்பிட்டால் தப்பாகத்தான் போகும். அதைவிட மோசம், ஈரத்தில் விரிந்திருக்கும் பலகைமேல் குறுக்கே பிரேஸை ஒட்டுவது. பலகை காய்ந்து அகலத்தில் சுருங்கப் பார்க்கும், பிரேஸ் நீளவாக்கில் சுருங்காது, பலகை வெடிக்கும். நான் ஏசி அறையில் ஈரப்பதமானியைப் பார்த்து, 45 சதவீதம் வந்தபின்தான் பசையைத் தொடுகிறேன்.

உங்கள் பிரேஸ் இப்போதிருக்கிற உயரத்திலேயே பெட்டியை மூடுங்கள். கம்பி ஏற்றி ஒரு மாதம் வாசியுங்கள். அப்போதும் இறுக்கமாகத் தோன்றினால் ஒலித்துளை வழியாகக் கையை விட்டு, சின்ன இழைப்புளியால் பிரேஸ் நுனிகளை மட்டும் தடவலாம். காதுக்கும் உண்மையான வேலை அப்போதுதான்.

அதற்கு முன் ஒன்று. மூன்றாவது படத்தில், எக்ஸுக்குக் கீழே சாய்வாகப் போகும் இரண்டு சின்னக் கட்டைகளில் வலப்பக்கத்தது: ரேகை நீளவாக்கில் ஓடாமல் பாதியிலேயே பக்கவாட்டில் வெளியேறுகிறது. அறுத்தெடுத்த கட்டை என்று நினைக்கிறேன். அது எங்கே முறியும் என்று ரேகையே காட்டிக்கொடுக்கிறது. சூடான மெல்லிய கத்தியை மெதுவாக நுழைத்து அதைக் கழற்றிவிடுங்கள். அறுக்காமல், உளி வைத்து ரேகையோடு பிளந்தெடுத்த துண்டில் வேறு செய்து ஒட்டுங்கள். ஒட்டியபின் படம் அனுப்புங்கள், பார்க்கிறேன்.