மகள் ஏன் கண்ணை மூடுவதில்லை?

கேள்வி: கணவருக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. சேமிப்பு கரைகிறது, கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்துவிடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் பிறகு தூக்கம் இல்லை. தினமும் குடும்ப ஜெபம் செய்கிறோம், வேதம் வாசிக்கிறோம். ஆனாலும் சமாதானம் இல்லை. பதினான்கு வயது மகள் ஒருநாள், "நமக்கு என்னம்மா ஆகப்போகுது?" என்று கேட்டாள். "விசுவாசிகள் வீட்டில் இப்படிப் பேசக்கூடாது, பயப்படுவது பாவம்" என்று சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் ஜெப நேரத்தில் கண்ணை மூடாமல் என் முகத்தையே பார்க்கிறாள். பிள்ளைகள் கெட்டுப்போகும் காலம். என் விசுவாசம் பெலப்பட எந்த வசனங்களைத் தியானிக்கலாம்?

பதில்: சகோதரி, வசனப் பட்டியல் தரப்போவதில்லை. உங்களுக்குத் தெரியாத வசனம் எதுவும் என்னிடம் இல்லை. வேலை, வியாதி, கடன் என்று காரணம் மாறி மாறி இதே கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. 'கர்த்தர் பார்த்துக்கொள்வார், கலங்காதீர்கள்' என்று நானும் எழுதலாம். இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் விடியற்காலையில் மறுபடி விழித்துக்கொள்வீர்கள்.

போகிறபோக்கில் மகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அவள் கண்ணை மூடுவதில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும்தானே திறந்து வைத்திருக்கிறீர்கள்!

அவள் கெட்டுப்போகவில்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்று வாயால் கேட்டாள். பதில் வரவில்லை. அதனால் உங்கள் முகத்தில் தேடுகிறாள். உதடு 'ஸ்தோத்திரம்' என்கிறது, கைவிரல்கள் நெரிபடுகின்றன. பதினான்கு வயதுக்கு இது புரியாதா? இந்த வீட்டில் பயத்தை வெளியே சொல்லக்கூடாது, கடவுளிடம்கூட நல்ல முகத்தோடுதான் போகவேண்டும் என்று கற்றுக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு வெளியில் யாராவது அவளை மிரட்டினால் உங்களிடம் வந்து சொல்வாளா? விசுவாசத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் இதைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

பயப்படுவது பாவம் என்று உங்களுக்கு யார் சொன்னது? வேதத்தில் ஆதியாகமம் 21-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஆபிரகாமின் வீட்டிலிருந்து மகனோடு வெளியே அனுப்பப்பட்ட அடிமைப்பெண் ஆகார். வனாந்தரத்தில் அவளுடைய துருத்தியில், அதாவது தோல்பையில், தண்ணீர் தீர்ந்துபோகிறது. பிள்ளையை ஒரு செடியின் கீழே விட்டுவிட்டு, அவன் சாகிறதைப் பார்க்கமாட்டேன் என்று அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுகிறாள். தேவதூதன் அவளைக் கண்டிக்கவில்லை. "ஆகாரே, உனக்கு என்ன சம்பவித்தது" என்று முதலில் கேட்கிறான். அதன் பிறகுதான் "பயப்படாதே" வருகிறது. நீங்கள் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு 'பயப்படாதே'யை மட்டும் எடுத்து மகள் வாய்க்குத் தாழ்ப்பாளாகப் போட்டுவிட்டீர்கள். அங்கே அழுதவள் தாய், ஆனால் தேவன் கேட்டதாகச் சொல்லப்படுவது பிள்ளையின் சத்தம். தண்ணீர்க் கிணறு கண்ணில் படுவதற்கு முன்பே அவளுக்கு ஒரு கட்டளையும் வருகிறது: எழுந்து, பிள்ளையைக் கையால் பிடித்துக்கொள். நீங்களோ ஒரே அறையில், ஒரே பாயில் உட்கார்ந்துகொண்டு அம்பு பாயும் தூரத்தில் இருக்கிறீர்கள்.

'ஒன்றுக்குங்கவலைப்படாமல்' என்று பிலிப்பி சபையாருக்கு எழுதிய அப்போஸ்தலன் பவுலை அடுத்து நீங்கள் எடுத்துக்காட்டுவீர்கள். நல்லது. சிறையில் விலங்கிடப்பட்டிருந்து எழுதிய அந்த நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். பவுலுக்கு உதவ அந்தச் சபை அனுப்பியிருந்த எப்பாப்பிரோதீத்து சாகும் அளவுக்கு வியாதிப்பட்டதையும், "துக்கத்தின்மேல் துக்கம்" தனக்கு வராமல் தேவன் இரங்கியதையும், தன் துக்கம் குறையவும் அவனைச் சீக்கிரம் அனுப்புவதையும் அதே பவுல்தான் ஒளிக்காமல் எழுதுகிறார். சபைக்கே சொன்னார். நீங்கள் பெற்ற மகளுக்குச் சொல்லமாட்டீர்களா?

குடும்ப ஜெபம் என்பது குடும்பம் சேர்ந்து செய்வது. நீங்கள் நடத்துவது, மூன்று பேர் தங்கள் தங்கள் பயத்தை மறைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்வது. பெற்றோர் பயத்தைப் பிள்ளைக்குக் காட்டக்கூடாது என்று வாதாடுவோர் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பாரத்தை அவள் தலையில் ஏற்றக்கூடாது, அது வேறு. உண்மையைச் சொல்வது தாய் தகப்பனின் கடமை.

முதலில் கணவரோடு உட்காருங்கள். கையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதம் ஓடும், எந்தச் செலவை நிறுத்தலாம் என்று இருவரும் ஒரு தாளில் எழுதுங்கள். கடன் கொடுத்தவர்களிடம் தவணையைக் குறைத்துத் தரமுடியுமா என்று நேரில் போய்க் கேளுங்கள். தூக்கமின்மைக்கு மருத்துவரைப் பாருங்கள், அதில் அவிசுவாசம் ஒன்றும் இல்லை. பவுலோடு இருந்த லூக்காவும் வைத்தியர்தான்.

பிறகு மகளைக் கூப்பிடுங்கள். "அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் சொன்னது தப்பு. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது" என்று சொல்லுங்கள். பெரியவர்கள் பிள்ளையிடம் தப்பை ஒத்துக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்காதீர்கள். அப்பாவின் வேலை விஷயத்தையும் வீட்டு நிலவரத்தையும் அவளுக்குப் புரிகிற அளவில் சொல்லுங்கள். அன்றைய ஜெபத்தில் 56-ஆம் சங்கீதத்தின் 3-ஆம் வசனம் போதும்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." தாவீதே பயத்தை ஒத்துக்கொண்டுதான் நம்புகிறார்.

அவள் உடனே சமாதானமாகிவிடுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். கோபப்படலாம், அழலாம், 'ஜெபம் பண்ணி என்ன ஆச்சு?' என்றுகூடக் கேட்கலாம். கேட்கட்டும். அவள் பேசி முடிக்கும்வரை வசனம் எதுவும் சொல்லாதீர்கள்.